யானை அறியாத திட்டக்காலம்

சம்பளம் வேண்டாம், முகாம் செலவும் வண்டிக்கூலியும் பறவைகளைப் பாடம் பண்ணும் ஆளுக்குக் கூலியும் கொடுத்தால் போதும், உங்கள் சமஸ்தானத்தில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று முழுப் பட்டியல் எடுத்துத் தருகிறேன். 1930ஐ ஒட்டிய காலத்தில் சலீம் அலி சமஸ்தானங்களுக்கு முன்னால் வைத்த பேரம் இது. அப்போது அவருக்கு முப்பத்துச் சொச்சம் வயது, கையில் வேலை இல்லை. பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவர், பெர்லின் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றுக்கொண்டு திரும்பினார். வந்து பார்த்தால், நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு முன்பே விலங்கியல் அளவைத் துறையில் ஒரு வேலை, முறையான பட்டம் இல்லை என்ற காரணத்தால் கைநழுவிப் போயிருந்தது.

ஹைதராபாத் சமஸ்தானம் சம்மதித்தது. 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஆக, நம் தென்கோடிப் பறவைகளின் முதல் ஒழுங்கான கணக்கு சம்பளம் வாங்காத ஒருவர் எடுத்தது. கடைசிவரை பிஎச்.டி. படிக்காத அவர் பிற்காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களின் பிஎச்.டி.க்கு நெறியாளரானார். பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டங்களைப் பின்னால் கொண்டுவந்து கொடுத்தன.

இதைப் படித்து, 'அந்தக் காலத்து மனுஷங்க ஆசைக்காகப் பண்ணினாங்க, இப்போ எல்லாம் காசு' என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். சம்பளம் இல்லாமல் காட்டுக்குப் போக, வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இருந்திருக்க வேண்டும். சலீம் அலிக்குக் குடும்பத்தின் கை இருந்தது, கிஹீம் கடற்கரையில் தங்க வீடு இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் தூக்கணாங்குருவியின் குடும்ப வாழ்க்கையை அவர் கண்டு எழுதினார். அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர் அந்தக் குருவியைப் பார்த்துக்கொண்டே மாடு மேய்க்கப் போனார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

ஆனால் பணத்தைத் தவிர இன்னொன்று அவரிடம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காலம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை கொடு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்டு ஆய்வுக்கு முதலில் பெரிதாக வந்த பணம் நம்முடையதல்ல. பணம் வந்த வழியும் வேடிக்கையானது. 1954இல் அமெரிக்கா போட்ட 480ஆம் எண் சட்டத்தின்படி நமக்குக் கோதுமை வந்தது. அதற்கான விலையை டாலரில் அல்ல, ரூபாயில் கட்டினோம். அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் குவிந்துகிடந்தது. வெளியே கொண்டுபோக முடியாத பணம் ஆயிற்றே, ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமையின் காசு, 1980களில் கோடிக்கரை உப்பளங்களில் பறவைகளின் காலில் அலுமினிய வளையமாக ஏறியது. பரத்பூர் சரணாலய ஆய்வும் முதல் யானைத் திட்டமும் இதே பணத்தில் நடந்தவை. அதற்கு முந்தைய பறவை வளையத் திட்டம் ஒன்றுக்கு அமெரிக்க ராணுவத்தின் பணமும் வந்திருந்தது. 1970களில் அது நாடாளுமன்றம் வரை போய்ச் சந்தி சிரித்தது.

கோடிக்கரையில் அந்த வளையத்தை மாட்டுகிற காட்சியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். விடியுமுன் வலையில் சிக்கிய சின்ன உள்ளான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்தைத் தளர்வாகப் பிடித்து, காலைப் பிரித்து, எண் பொறித்த வளையத்தை இடுக்கியால் வட்டமாக மூடுவார்கள். இறகை அளந்து, எடை போட்டு, நோட்டில் ஏற்றிவிட்டுக் கையைத் திறந்தால் பறந்துவிடும். பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று வளையத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். என்றாவது எங்கோ யாரோ அதை எடுத்துக் கடிதம் போட்டால்தான் பறவை போன தூரம் தெரியும். வளையம் போட்டவர்களில் பலர் தங்கள் தீசிஸை முடித்துவிட்டுப் போன பிறகு வந்த கடிதங்களும் உண்டு. இன்னொரு சங்கதி: அந்தப் பறவைகளைக் காயமில்லாமல் பிடித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிகாரர்கள். இவர்களிடம் பிறகு வருகிறேன்.

பெரிய மிருகங்களை ஆராய்வதோ வெளிநாட்டாரின் வேலையாகவே கிடந்தது. 1963 முதல் 1965 வரை கன்ஹாவில் தங்கிப் புலியையும் மானையும் ஆராய்ந்தவர் ஜார்ஜ் ஷாலர். தார்வாடில் அனுமன் மந்திகளை ஆராய்ந்தவர் ஜப்பானியர். நம் அகத்தியமலைப் பக்கம் சோலைமந்தியின் பின்னால் நடந்தவர் அமெரிக்கர். இந்தியர் ஒருவரால் இது முடியுமா என்ற கேள்விக்குப் பதில் நாங்குநேரியிலிருந்து வந்தது. ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் தங்கிச் செந்நாய்களை ஆராய்ந்தார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியைக் காட்டிலேயே இருந்து முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள்.

ரேடியோ கழுத்துப்பட்டை கிடையாது, தானியங்கி கேமரா கிடையாது. புள்ளிமானின் அபாயக் குரலும், மேலே வட்டமிடும் கழுகும், காதும் கண்ணும்தான். செந்நாய்க் கூட்டம் ஒரு மானைச் சாய்த்தால் சில நிமிடங்களில் தின்று முடித்துவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் எச்சம்தான் சாட்சி. காட்டுப் பாதையின் சந்திப்புகளில் செந்நாய்கள் பொதுக் கழிப்பிடம்போல ஒரே இடத்தில் எச்சமிடும். அதைப் பொறுக்கி, ஊறவைத்து, சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் ரோமமும் எலும்புத் துண்டும் குளம்பின் நுனியும் மிஞ்சும். ரோமத்தைக் காயவைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே ஓடும் நடுத்தண்டின் அமைப்பு மானுக்கு ஒரு மாதிரி, கடமானுக்கு ஒரு மாதிரி, முயலுக்கு ஒரு மாதிரி இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலைதான். ஆனால் ஒரு காட்டில் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற கணக்கு அந்தச் சல்லடையில்தான் தங்குகிறது. இன்றும் முதலாண்டு மாணவர்களுக்கு அதுவே பாலபாடம். ஜான்சிங் பிறகு டேராடூன் போய் ஒரு தலைமுறை கானுயிர் ஆய்வாளர்களுக்கு ஆசானானார். 2024 ஜூனில் காலமானார்.

நாட்டின் சொந்தப் பணமும் சொந்தக் கூரையும் இந்தத் துறைக்கு வந்தது 1980களில்தான். 1982இல் டேராடூனில் இந்தியக் கானுயிர் நிறுவனம். 1983இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலின் முயற்சியில் சூழலியல் மையம். 1984இல் யுஜிசி தேர்வு வைத்து இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நாம் வாய்க்கு வாய் சொல்லும் ஜேஆர்எஃப். 1990இல் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் ஒரு பறவையியல் மையம். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்ட அதே சலீம் அலியின் பெயரில்.

அந்த முதல் விளைச்சலில் ஒன்று சென்னைப் பையன் ஆர். சுகுமாரின் யானை ஆய்வு. 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளின் பின்னால் போனார். 1985இல் பிஎச்.டி.; 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகப் புத்தகம். வயலில் இறங்குவதில் பெண் யானைக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண் யானைகள் பன்மடங்கு முன்னால் நிற்கின்றன என்று எண்ணிக் காட்டினார். ராகிக் கதிரில் கிடைக்கும் சத்துக்காக ஆண் யானை உயிரைப் பணயம் வைக்கிறது. உடம்பு தேறினால்தான் இணை தேடும் போட்டியில் நிற்க முடியும். 'யானை அட்டகாசம்' என்று செய்தித்தாள்கள் தலைப்பு போடும் விஷயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து முதுமலைக்கு வாருங்கள். 1988இல் பெங்களூர்ச் சூழலியல் மையம் ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலத்தில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து கல் நட்டது. நெஞ்சுயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டார்கள், ஏறத்தாழ 25,000. ஒவ்வோர் ஆண்டும் போய் எது உயிரோடு இருக்கிறது, எது புதிதாக வந்தது என்று பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாவற்றின் சுற்றளவையும் எடுக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டரில் பெயின்ட் வளையம் இருக்கும். நாடாவை அந்தக் கோட்டின் மேல் சுற்ற வேண்டும். கொடி இருந்தால் அடியில் விட்டு இழுக்க வேண்டும். பட்டை உரிந்திருந்தால் குறிக்க வேண்டும். ஒருவர் அளவைச் சொல்ல, ஒருவர் எழுத, மூன்றாமவர் யானை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் பெரும்பாலும் குறும்பர் பழங்குடியினர். அவர் கையைத் தூக்கினால் நாடா அப்படியே தொங்க, எல்லோரும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

தீ வந்த ஆண்டு, மழை பொய்த்த ஆண்டு, யானை இளமரங்களை ஒடித்துத் தள்ளிய ஆண்டு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாணவர் தீயை எடுத்துக்கொண்டார், ஒருவர் வறட்சியை, ஒருவர் உண்ணிச்செடியின் படையெடுப்பை. யாருடைய தீசிஸும் அந்தக் காட்டை முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால்தான் காடு தெரியும்.

இனி இன்றைக்கு வருவோம். முதலில் ரூபாய்க் கணக்கு, ஏனென்றால் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான். பார்ப்பதில் தப்பும் இல்லை. ஜேஆர்எஃப் தொகை 2010இல் மாதம் 16,000. 2014இல் 25,000. 2019இல் 31,000. 2023 முதல் 37,000. இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஒவ்வோர் உயர்வுக்கு முன்னும் மாணவர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; தானாகக் கூடிய தொகை ஒன்றுகூட இல்லை. 2018இல் வந்த பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000இல் தொடங்கி 80,000 வரை போகிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் உள்ள சிலருக்கு அது வாய்க்கும். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர். சாதி, வர்க்கச் சுவர்களைத் தாண்டிவர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைகள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை இருந்தது, 2022இல் நிறுத்திவிட்டார்கள்.

காசு வந்திருக்கிறது, சந்தேகமில்லை. காசோடு வந்தவர்களைப் பாருங்கள். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் கானுயிர் உயிரியல் படித்துவிட்டு, வீட்டில் முதல் பட்டதாரியாகக் காட்டுக்குள் போன பிள்ளைகள் இன்று நாட்டின் எல்லாச் சரணாலயங்களிலும் இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்கள் வந்திருக்கிறார்கள். 1990களில் களக்காடு மழைக்காட்டில் இரவெல்லாம் மரநாயின் பின்னால் போய் திவ்யா முத்தப்பா பிஎச்.டி. செய்தபோது பெண் ஆய்வாளர் என்பவர் வனத்துறை விடுதிக் காவலருக்கே ஆச்சரியம். இன்று அந்த ஆச்சரியம் குறைந்திருக்கிறது. 'பொம்பளப் பிள்ளைய எப்படிக் காட்டுல விடுறது' என்ற வீட்டின் கேள்வி மட்டும் குறையவில்லை. அதற்கு 37,000 ஒரு பதிலாக இருக்கிறது என்றால், அதுவே பெரிய காரியம்.

ஆனால் அந்தப் பணத்துக்குப் போகும் வாசல் கொஞ்சம் விநோதமானது. அறிவியல் மாணவர்கள் ஜேஆர்எஃபுக்காக எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் சூழலியலுக்கென்று தனித்தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாளில் 13 அலகுகள். அதில் சூழலியல் பத்தாவது. ஆக, யானையைப் பார்க்கப் போகிறவர் மைட்டோகாண்ட்ரியாவைத் தாண்டித்தான் போக வேண்டும். செல், மரபணு, தாவர உடலியல் வரை மனப்பாடம் செய்து தேறிய பிறகு, காட்டில் திசை தெரியாமல் நிற்கும் மாணவரையும் பார்க்கிறோம். திசை காட்டத் தெரிந்தும் நெட்டில் மூன்று முறை தவறி, கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவரையும் பார்க்கிறோம். இயற்கை வள மேலாண்மை என்று போனால் இன்னும் சிக்கல். ஏரிப் பாசனத்தை ஆராய்பவர் எந்தத் தாள் எழுதுவது? அவருக்கு நீரியல் வேண்டும், பொருளாதாரம் வேண்டும், மடையைத் திறக்கும் நீர்க்கட்டியோடு உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு காட்டு ஆய்வின் பாதிக் கேள்விகள் மனிதர்களைப் பற்றியவை. தேன் எடுப்பவர், கிழங்கு தோண்டுபவர், மாடு மேய்ப்பவர். தேர்வு வாரியத்தின் பாடப்பெட்டிகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களின் கணக்கு வேறு. நெட் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. செய்பவர்களுக்கு மாதம் 8,000. 2012இல் நிர்ணயித்தது, பத்து ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, மாணவர்கள் டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலில் கூடாரம் போட்ட பிறகுதான் தொடர்ந்தது. மாநிலக் கல்லூரிகளில் ஒன்றுமே இல்லாமல் ஆய்வு செய்பவர்கள் ஏராளம். டியூஷன் எடுத்து, கெஸ்ட் லெக்சரராக மணிக்கணக்கில் வகுப்பெடுத்து, சனி ஞாயிறு மட்டும் காட்டுக்குப் போகிறவர்கள். எம்ஃபில் இருந்தவரை ஓராண்டு காட்டைப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகுமா என்று முடிவு செய்ய ஒரு திண்ணை இருந்தது. யுஜிசியின் 2022 விதிமுறைகள் அந்தத் திண்ணையை இடித்துவிட்டன. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இப்போது காலத்துக்கு வருகிறேன்.

உதவித்தொகை ஐந்து ஆண்டு. முதல் ஆண்டில் கோர்ஸ்வொர்க். அது முடியும் வேளையில் வனத்துறைக்கு விண்ணப்பம். 1972 கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமைக் கானுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். மிருகத்தைப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டுவதானால் டெல்லி வரை போக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேவைதான்; ஆராய்ச்சி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றால் காடு தாங்காது. ஆனால் கோப்பு மேசையில் கிடக்கும் மாதங்களும் ஐந்து ஆண்டில்தான் கழிகின்றன. அனுமதி வரும்போது மழைக்காலம் முடிந்திருக்கும். தவளையை ஆராய்பவருக்கு ஓராண்டு போச்சு. இருவாச்சியை ஆராய்பவருக்கும் அப்படித்தான். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்வது ஆண்டுக்கு ஒரே முறை. ஒரு கோடையைத் தவறவிட்டால் அடுத்த கோடைவரை அந்தப் பொந்து வெறும் பொந்து.

இது நெட் தேறியவரின் நிலை. திட்டத்தில் சேர்ந்த ஜேஆர்எஃபின் நிலை இன்னும் இறுக்கம். ஒரு பேராசிரியர் மூன்று ஆண்டுத் திட்டம் வாங்கியிருப்பார். அதில் மாணவருக்குச் சம்பளம். திட்டம் முடியும் தேதியில் சம்பளமும் முடியும், தீசிஸ் பாதியில் நிற்கும். இடையில் பணம் மாதாமாதம் வரும் என்றும் இல்லை. சில மாதம் வராமலிருந்து மொத்தமாக வந்து சேரும். அதுவரை ஜீப் வாடகை யார் கையிலிருந்து போகும்? சிஎஸ்ஐஆர் தரும் சில்லறைச் செலவுத் தொகை ஆண்டுக்கு 20,000. ஜீப் வைத்துக் காடு சுற்றுபவருக்கு அது ஒரு மாதத்தைக்கூட ஓட்டாது. யானைக்குச் சினைக்காலமே ஏறத்தாழ 22 மாதம். மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒரு யானை கருத்தரித்து, ஈன்று, கன்று பால்குடி மறப்பதற்குள் அறிக்கை அச்சுக்குப் போயிருக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது? கேள்வி மாறுகிறது. சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம் இது. 'இந்தக் காட்டில் செந்நாய் எப்படி வாழ்கிறது' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு நடக்க இன்று எந்தக் கைடும் துணிந்து சொல்லமாட்டார். 'ஏற்கெனவே இருக்கும் படங்களை வைத்துச் செந்நாயின் வாழிடத்தை வரைபடமாக்க முடியுமா' என்றால் முடியும். லேப்டாப் போதும், அனுமதி வேண்டாம், மழை வந்தாலும் நிற்காது. செயற்கைக்கோள் படம் இலவசம், புள்ளியியல் மென்பொருள் இலவசம், பறவை பார்ப்பவர்கள் இணையத்தில் பதிவிட்ட லட்சக்கணக்கான பட்டியல்களும் இலவசம். இந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உல்லாஸ் கரந்த் 1990களில் நாகரஹொளேயில் கேமரா பொறியையும் புள்ளியியலையும் சேர்த்துப் புலிக்கணக்குக்குப் புது வழி போட்டார். அதுவரை நம்பிக்கொண்டிருந்த காலடித் தட முறை அதன்முன் ஈடுகொடுக்கவில்லை. கணக்கு தெரியாத காட்டு அறிவு தடுமாறும், சரி. ஆனால் வரைபடத்துக்கு ஊட்டிய தகவலை ஒரு காலத்தில் யாரோ நடந்து சேகரித்தார்கள். எல்லோரும் வரைபடம் போட உட்கார்ந்தால், அடுத்த இருபது ஆண்டுக்கான தகவலை யார் நடந்து சேர்ப்பது? அந்த நடைக்குத்தான் இன்று உதவித்தொகையில் மாதங்கள் இல்லை.

வெளிநாடு போகிறவர்களைப் பற்றி இரண்டு வரி. நெதர்லாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பிஎச்.டி. மாணவர் என்பவர் ஊழியர். சம்பளச் சீட்டு, விடுப்பு எல்லாம் உண்டு. அமெரிக்காவில் வகுப்பெடுத்தால் கட்டணம் தள்ளுபடி. நம் பிள்ளைகள் பலர் அங்கே சேர்ந்து, களப்பணிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே திரும்பி வருகிறார்கள். கோதுமைக் காசு போய் யூரோ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மீர்ஷிகார்களிடம் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். அன்று கோடிக்கரையில் அவர்கள். இன்று முதுமலையில் குறும்பரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் காடரும், அகத்தியமலையில் காணிகளும். தீசிஸின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவர்கள் பெயர் வரும், கைடு பெயருக்கும் விடுதி நண்பர்கள் பெயருக்கும் நடுவில். அவர்களின் சம்பளமோ கள உதவியாளர் என்ற தலைப்பில் தினக்கூலிக் கணக்கு. ஜேஆர்எஃப் 16,000இலிருந்து 37,000 ஆனதற்கு அரசாணை இருக்கிறது. முன்னால் நடப்பவரின் கூலி எவ்வளவு ஆக வேண்டும் என்று எந்த உதவித்தொகை ஆணையும் பேசுவதில்லை. மாணவருக்குப் பணம் தாமதமானால் அவருக்கும் தாமதம்; திட்டம் முடிந்தால் அவர் அடுத்த மாணவருக்காகக் காத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டில் பத்துப் பதினைந்து பிஎச்.டி.க்களை வழிநடத்திவிட்டு, ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காட்டின் நீண்ட கணக்கு உண்மையில் யாருடைய தலைக்குள் இருக்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பதில் அவர்கள்தான். அன்றும் இன்றும் மாறாதது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அவர்களின் இந்த நிலையைத்தான் சொல்வேன்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நெட் தேறியிருந்தாலோ, ஏதோ திட்டத்தில் ஜேஆர்எஃப் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்திருந்தாலோ, 37,000 என்ற எண்ணைப் பார்த்த கையோடு விண்ணப்பத்தை அனுப்பிவிடாதீர்கள். நேர்முகத்தில் கடைசியாக, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். கேளுங்கள். திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு சம்பளத்துக்கு என்ன வழி? வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் போட வேண்டுமா? கூட வருகிற கள உதவியாளருக்குக் கூலி எந்தத் தலைப்பில், எவ்வளவு? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிற கைடு கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.